சுவத்துல இறங்காத மெஷின்

ஒரு ஊர்ல ஒரு மருதை இருந்தான். அடுக்குமாடியில ரெண்டாவது மாடி. கீழ்வீட்டுத் தாயுமானவன் சாரை அவன் கடைசியா உயிரோட பாத்தப்போ, அவர் கதவைப் பாதி திறந்து, ஒரு கையில இட்லி, இன்னொரு கையில பச்சைக் கலர் டிரில் மெஷினோட நின்னுக்கிட்டிருந்தார். ஒயர் இல்லாதது. பேட்டரியில ஓடும். மொத்தக் கட்டடத்துக்கும் அது ஒண்ணுதான்.

"மெதுவா மருதை, அழுத்தாத"ன்னு மெஷினை நீட்டினார். அவ்வளவுதான். கதவைச் சாத்திக்கிட்டார்.

ம் சொல்லு. நீ சொன்னாத்தான் மருதை மாடி ஏறுவான்.

ம்.

ஏறினான். ஜன்னலுக்கு மேல திரைக்கம்பி மாட்டணும். அங்க செங்கல் கிடையாது, கான்கிரீட். மருதைக்கு அது தெரியாது. வெச்சான். விர்ர்ர்... மாவு மாதிரி கொஞ்சம் தூசி, அவ்வளவுதான். அழுத்தினான். விர்ர்ர்ர்... இன்னும் அழுத்தினான். விர்ர்... கிர்ர்... புஸ்ஸ்ஸ்! ஒரே புகை. மெஷின் போயிடுச்சு.

அப்புறம் அன்னிக்கே சாயங்காலம் சாருக்கு நெஞ்சு வலி. மூணாம் நாள் ஆஸ்பத்திரியிலேருந்து தூக்கிக்கிட்டு வந்தாங்க.

சாவு வீட்டுல போய் "மெஷினை எரிச்சுட்டேம்மா"ன்னு சொல்ல முடியுமா? மருதை மூலையில கை கட்டி நின்னான். அகிலாண்டம்மா, சாரோட சம்சாரம், அழுதுக்கிட்டே இவனைப் பாத்தாங்க. "மருதை, அந்த மெஷின் உன்கிட்டதான இருக்கு? பதினாறாம் நாள் முடிஞ்சதும் கொண்டாந்துடுப்பா"ன்னாங்க. அந்த அழுகையிலயும் ஞாபகம்.

மருதை துண்டால மூஞ்சியை மூடிக்கிட்டான். பாத்தவங்க எல்லாம், பாவம், எவ்வளவு பாசம்னாங்க.

அவன் பெண்டாட்டி தமயந்தி, "புதுசா ஒண்ணு வாங்கிக் குடுத்துடுங்க. அந்தம்மா மூஞ்சியில நாம தினம் முழிக்கணும்"னா.

அப்போ மருதை முதல் கடைக்குப் போனான். "வீட்டுக்குத்தான? இது போதும் சார், கைக்கு அடக்கம்"னான் கடைக்காரன். குட்டியூண்டு மெஷின், பன்னெண்டு வோல்ட். வீட்டுக்கு வந்து சுவத்துல வெச்சா, கீய்ய்ங்குது, கொசு மாதிரி. சுவத்துக்குக் கூச்சம்கூட இல்ல. கடைக்காரன் பாதி விலைக்குத் திருப்பி எடுத்துக்கிட்டான்.

அப்புறம் ரெண்டாவது கடை. பெரிய மெஷின், சல்லிசான விலை. யாரும் அவ்வளவு கம்மியாக் குடுக்கலைன்னு மருதை சட்டைக் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டு வந்தான். பெட்டியைப் பிரிச்சா மெஷின் மட்டும் இருக்கு. பேட்டரியும் இல்ல, சார்ஜரும் இல்ல. அதனாலதான் சல்லிசு.

"எரிஞ்சதோட பேட்டரி நல்லாத்தான இருக்கு, அதைப் போட்டுக்கலாம்"னான். சொருகினான். லொடக். திருப்பிச் சொருகினான். லொடக் லொடக். வேற கம்பெனி, சேராது.

தமயந்தி சொன்னா, "பரவாயில்லைங்க, அம்மிக் குழவிக்குப் பதிலா வெச்சுக்கலாம்."

தூங்கிட்டியா?

ம்... இல்ல.

அப்போ பதினஞ்சாம் நாளு. மூணாவது கடை. கல்லாவுல ஒரு பொம்பளை, மூக்குக் கண்ணாடி போட்டவங்க. விலையே சொல்லல. "எந்தச் சுவரு?"ன்னாங்க. யாரும் கேக்காத கேள்வி. "ஜன்னலுக்கு மேல"ன்னான். "அப்ப அது கான்கிரீட். சுத்தினா மட்டும் பத்தாது, சுத்திக்கிட்டே முட்டணும். ஹேமர்னு போட்டிருக்கும். பதினெட்டு வோல்ட், ரெண்டு பேட்டரி, சார்ஜர் எல்லாம் பெட்டிக்குள்ளயே இருக்கு. ரிப்பேர்னா பின்தெருவுலயே பாத்துக்கலாம். இதுக்கு மேல விலை குடுத்தா வீட்டுக்கு வீண்"னாங்க. கடையில ஒரு கான்கிரீட் துண்டு கெடந்துச்சு. "போட்டுப் பாருங்க." ட்ர்ர்ர்ட்டட்டட்டட்! வெண்ணெயில விரல் விட்ட மாதிரி இறங்குச்சு. மருதைக்கு அங்கேயே கண்ணு கலங்கிடுச்சு.

அப்புறம் பதினேழாம் நாள் அகிலாண்டம்மா முன்னால நீலப் பெட்டியை வெச்சான். "மன்னிச்சுடுங்கம்மா. சாரோட மெஷினை எரிச்சுட்டேன். புதுசு வாங்கியாந்துட்டேன்."

அந்தம்மா பெட்டியைப் பாத்தாங்க, இவனைப் பாத்தாங்க. "இது அவரோடதே இல்லப்பா"ன்னாங்க.

ஆங்?

"மூணாம் மாடி டிராயிங் வாத்தியாரோடது. ஒரே ஒரு நாளுக்குன்னு இவரு இரவல் வாங்கினாரு, ஆறு வருஷம் ஆச்சு. எல்லாரும் 'தாயுமானவன் சார் மெஷின்'னீங்க. இவரும் பேசாம இருந்துட்டாரு. ஆஸ்பத்திரியில மூச்சு வாங்கிக்கிட்டு 'அதைக் குடுத்துடு, அதைக் குடுத்துடு'ன்னாரு. நான் மருமகளுக்கு வளையலைக் குடுக்கச் சொல்றாருன்னு கழட்டிக்கூடக் குடுத்துட்டேன். அப்புறம்தான், 'ஏடி, மெஷினை'ன்னாரு."

அப்போ ரெண்டு பேரும் பெட்டியோட மேல ஏறினாங்க. வாத்தியார் கதவைத் திறந்தார்.

"நான் குடுத்தது பச்சையாச்சே?"

"அது எரிஞ்சு போச்சு சார்"னான் மருதை.

"எதுல போட்ட?"

"சுவத்துல."

"அட ராமா! அது சுவத்துல இறங்காதுப்பா. மரத்துக்கு மட்டுந்தான். இறங்கலைன்னுதான் தாயுமானவன்கிட்டக் குடுத்தேன்."

அகிலாண்டம்மா படிக்கட்டுலயே உக்காந்துட்டாங்க. அழறாங்கன்னு மருதை பயந்துட்டான். அழல, சிரிக்கறாங்க. பதினேழு நாள்ல முதல் தடவை. "ஆறு வருஷமா அவரும் ஒரு ஓட்டைகூடப் போடல மருதை. எடுப்பாரு, தொடைப்பாரு, வைப்பாரு"ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க. அப்புறம் முந்தானையால கண்ணைத் தொடைச்சுக்கிட்டாங்க.

வாத்தியார் பாத்தார், மருதை வாங்கின நீல மெஷின் அவரோடதைவிட நல்ல மெஷின். வேண்டாம்னு சொல்லுவாரா? வாங்கிக்கிட்டார். கூச்சத்துல, "இப்பவே வந்து சார் படத்தைச் சுவத்துல மாட்டித் தரேம்மா"ன்னார்.

"வேண்டாம். மேல ஏத்திட்டா அண்ணாந்து பாக்கணும், எனக்குக் கழுத்து வலி"ன்னாங்க.

மருதையும் வீட்டுக்குப் போய்ட்டான், மெஷினும் மேல போயாச்சு, கதையும் களைச்சுப் போச்சு. நீயும் கண்ணை மூடு.

என்ன? படமா?

அது காரியத்தன்னிக்கு வெச்ச நாற்காலியிலேயேதான் இருக்கு.