கொடுக்காமல் போன சாவி

திருச்செந்தூரிலிருந்து ராமேஸ்வரம் வரைக்கும் நடந்தே போகப்போவதாகப் பூரணத்தம்மாள் சொன்னதும், மாசானம் ஒரு பழைய வேனை வீடாக்கிக் கொண்டுவந்து நிறுத்தினார். உள்ளே படுக்க ரெண்டு பலகை, கேஸ் அடுப்பு, தண்ணீர் டிரம், குறுக்கே ஒரு சேலைத் திரை. மாசானம் காலமெல்லாம் லாரி ஓட்டியவர். பூரணத்தம்மாளைவிட வயதில் ரொம்ப மூத்தவர். ஆனாலும் அவள்தான் குரு, அவர்தான் சீடர்.

"வண்டிய யாரு ஓட்டுறது, யாரு நடக்கிறது?" என்று அவள் கேட்டாள்.

"ரெண்டு பேரும் ஓட்டுவோம், ரெண்டு பேரும் நடப்போம் தாயி. உங்களுக்குத்தான் டிராக்டரே ஓட்டத் தெரியுமே."

அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். காலையில் அவள் நடக்கத் தொடங்குவாள். அவர் வேனை முன்னால் கொண்டுபோய்ப் பூட்டி நிறுத்திவிட்டு, எதிராக நடந்து வருவார். பாதி வழியில் சந்திப்பார்கள். பழைய வண்டி, ஒரே சாவி. அது கை மாறும். அவள் வேனுக்குப் போய்ச் சேர்ந்து, அதை ஓட்டிவந்து, தான் கிளம்பிய இடத்தில் காத்திருக்கும் அவரை ஏற்றிக்கொண்டு, வேன் நின்ற இடத்துக்கே திரும்புவாள். ரெண்டு பேருக்கும் ஒரு அடிகூடக் குறையாது.

மாசானத்துக்கு இதில் ஒரே ஒரு மனக்குறை.

"நீங்க ராமேஸ்வரத்தப் பாத்து நடக்கீங்க தாயி. நான் தெனமும் எங்க ஊரைப் பாத்துல்லா நடக்கேன்."

"ஊர்ல யாரு இருக்கா?"

"யாருமில்ல."

வேம்பார் தாண்டிய அன்றைக்கு, உப்பளத்து வெட்டவெளியில் வேனை நிறுத்திப் பூட்டும்போது அவருடைய போன் அடித்தது. தம்பி பலவேசத்தின் பெண்டாட்டி.

"அத்தான், அவுகளுக்கு ரொம்ப முடியல. ஆஸ்பத்திரியில வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாவ. அண்ணன் வந்துட்டானா, அண்ணன் வந்துட்டானான்னு கேட்டுக்கிட்டே கெடக்காவ."

மாசானம் போனை அணைத்தார்.

பாதி வழியில் பூரணத்தம்மாள் எதிரே வந்தாள். வெறுங்கால், தோளில் ஒரு துணிப்பை.

"என்ன அண்ணாச்சி, நடை வேகமா இருக்கு?"

"பலவேசம் சாகக் கெடக்கானாம். என்னத் தேடுதானாம்."

"தம்பியா?"

"அப்படிச் சொல்லாதீங்க."

"போகலையா?"

"ராமேஸ்வரம் போயி, கடல்ல நின்னு, எங்கம்மாவுக்கு என் கையால திதி குடுக்கணும். அதுக்குத்தான் வந்தேன். அத முடிக்காம எங்கயும் போகமாட்டேன்."

பிறகு அவராகவே எல்லாவற்றையும் கொட்டினார்.

"எங்கம்மா செத்தப்ப நான் நாக்பூர்ல லோடோட நின்னேன். வாறேன், வச்சிருங்கன்னு அத்தன தடவ போன்ல சொன்னேன். வந்து சேந்தா, வாசல்ல வாடகை நாற்காலி மட்டும் கெடக்கு. கொள்ளி வைக்கவேண்டிய மூத்தவன் நான். அவன் வச்சிட்டான். மொகத்தக்கூடப் பாக்க விடல."

"எந்த மாசம்?"

"சித்திரை."

"ஐஸ் பெட்டி?"

"அப்ப எங்க ஊருக்கு அதெல்லாம் ஏது?"

"சரி."

"என்ன தாயி சரி? நான் வந்துக்கிட்டுதான இருந்தேன்? கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா? நீங்களே சொல்லுங்க."

பூரணத்தம்மாள் துணிப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள்.

"வெயில் ஏறுது. நடங்க அண்ணாச்சி" என்றாள்.

அவர் நடந்தார். வழி நெடுக வாய்க்குள் தம்பியைத் திட்டிக்கொண்டே நடந்தார். அவள் காலையில் கிளம்பிய இடத்தில் ஒரு டீக்கடை இருந்தது. வேன் வரட்டும் என்று உட்கார்ந்து ஒரு டீ சொன்னார். சில்லறை எடுக்கச் சட்டைப் பையில் கைவிட்டபோது சாவி தட்டுப்பட்டது.

டீயை அப்படியே வைத்துவிட்டு ரோட்டுக்கு ஓடினார். அவளிடம் போனும் கிடையாது. பஸ் ஒன்றையும் காணோம். கடைசியில் ஒரு உப்பு லாரிக்காரன் ஏற்றிக்கொண்டான்.

"வேகமாப் போப்பா."

"லோடு வண்டி பெரியவரே. இம்புட்டுதான் போகும்."

அது அவருக்குத் தெரியாததா. ரோட்டைப் பார்த்தபடி வந்தார்.

வேன் நின்ற இடத்தில் ஒரு மரம் இல்லை. உச்சி வெயிலில் வேனுக்கே நிழல் இல்லை. பக்கவாட்டு ஜன்னல் கண்ணாடி உடைந்து சில்லுசில்லாகத் தரையில் கிடந்தது. கதவு திறந்திருந்தது. படியில் பூரணத்தம்மாள் தலை நனைந்து உட்கார்ந்திருந்தாள். உப்பளத்து ஆள் ஒருவர் சொம்பும் கையுமாகப் பக்கத்தில் நின்றார்.

மாசானம் இறங்கியதும் கண்ணாடியைத்தான் பார்த்தார்.

"யாரு ஒடச்சது?"

"நான்தான்" என்றார் அந்த ஆள். "கல்லால ஒடச்சேன். அம்மா மயங்கிக் கெடந்தாவ. தண்ணியெல்லாம் உள்ள இருக்கு, சாவி உம்ம பையில இருக்கு. நல்ல டிரைவர் வே நீரு."

"நான் வந்துக்கிட்டுதான இருந்தேன்? கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா?"

அந்த ஆள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். சொம்பை வேனுக்குள் வைத்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மாசானம் அவள் காலடியில் உட்கார்ந்தார். பாதம் ரெண்டும் கொப்பளித்திருந்தது.

"நீங்களாவது சாவியக் கேட்டிருக்கலாமே தாயி."

"உங்க கதையில நானும் மறந்துட்டேன்."

"உங்கள விட்டுட்டு எங்கயாவது போயிருவேனா? வந்துக்கிட்டே இருந்தேன் தாயி."

பூரணத்தம்மாள் ஈரத் தலையை முந்தானையால் துடைத்தாள்.

"நீங்க வந்துக்கிட்டு இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும் அண்ணாச்சி. அந்த ஆளுக்கும் நான் சொன்னேன். வெயிலுக்குத்தான் தெரியல."

மாசானம் எழுந்தார். கீழே கிடந்த சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். அவளைப் பலகையில் படுக்கவைத்துத் திரையை இழுத்துவிட்டார். பிறகு ஸ்டியரிங்கில் உட்கார்ந்து, வண்டியை ஊர்ப்பக்கமாகத் திருப்பினார்.