கொம்பையன் வளைத்த வில்

பாளையக்காரரின் வேட்டைத் தலைவன் கொம்பையனுக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. பதினாலு வயதுப் பொம்மி தன் சின்ன வில்லால் மூன்று பன்றிகளைச் சாய்த்திருந்தாள். ஊரே அவள் பேச்சாகக் கிடந்தது.

“நாணில் கல்லைக் கட்டித் தொங்கவிடுவோம். பதினைந்து வீசை எடைக்குள் முழுசாக வளைகிற வில் காட்டுக்குள் வரக்கூடாது, மிருகம் காயத்தோடு ஓடிப்போகும்” என்று பாளையக்காரரைச் சட்டம் போடவைத்தான்.

பொம்மியின் வில் பத்து வீசைக்கே வளைந்தது. கொம்பையன் மீசையை முறுக்கினான்.

“சட்டம் சரிதான் சாமி,” என்றாள் பொம்மி பாளையக்காரரிடம். “தலைவரோட வில் இருபது வீசையாம். காதுவரைக்கும் இழுத்துக் காட்டச் சொல்லுங்க.”

கொம்பையன் பல்லைக் கடித்து இழுத்தான். நாண் பாதி தூரம்கூட வராமல் நின்றுவிட்டது. அந்த இழுப்புக்குக் கல் கட்டிப் பார்த்தார்கள். எட்டே வீசை, பொம்மியின் பத்துக்கும் குறைவு!

பாளையக்காரர் சிரித்தபடி சட்டத்தை ரத்து செய்தார்.

பொம்மி கொம்பையனிடம் பணிவாகக் கேட்டாள்: “அண்ணே, ஏழு வயசுல நான் வச்சிருந்த வில் வீட்டுல சும்மா கிடக்கு. கொண்டாரட்டா?”