மூன்று பூட்டு மதகு

நம் பாட்டனுக்குப் பாட்டனும் பிறக்காத காலத்தில் மகரகேது என்று ஒரு ராஜா இருந்தான். எதிலும் அவசரக்காரன். உட்கார்ந்த இடத்தில் ஒரு நாழிகை உட்காரமாட்டான்.

அவன் நாட்டில் மலைக்காரர், வயல்காரர், கடற்கரைக்காரர் என்று மூன்று சனங்கள், மூன்று மொழிகள். எல்லாருக்கும் ஒரே ஏரி. ஏரி மதகுக்கு மூன்று பூட்டு, சனத்துக்கு ஒரு சாவி. மூன்று தலைவர்களும் பேசி ஒத்துக்கொண்டால்தான் மதகு திறக்கும்.

அது லேசில் முடியுமா? ஒருவர் பேசுவார், ஒருவர் மறுப்பார், ஒருவர் கோபித்துக்கொண்டு எழுந்து போவார். வயல்காரர் குலத்தில் பிறந்த ராஜாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. “இந்தச் சந்தைக்கடை இனி வேண்டாம்” என்று மூன்று சாவிகளையும் பிடுங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டான்.

அன்றோடு அவன் நிம்மதி போயிற்று. மலைக்காரர் சிரித்தால் சதியோ என்று பயம். கடற்கரைக்காரர் பாடினால் பயம். இருவரும் சும்மா இருந்தால் அதைவிடப் பயம். சாப்பிடும்போதும் இடது கை இடுப்பிலேயே இருந்தது.

அந்த ஐப்பசியில் அடைமழை. மதகைத் திறந்தும் ஏரி தளும்பியது. முன்பெல்லாம் மூன்று சனமும் முறைவைத்துக் கரையைச் சுற்றி நண்டு வளைகளை அடைப்பார்கள். சாவி போனபின் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஒரு வளை வழியாகத் தண்ணீர் பீறிட்டது.

முரசு கேட்டு எல்லாரும் வந்தார்கள். வயல்காரர் மட்டும் மண் அள்ளிப்போட இறங்கினார்கள்; ஆள் போதவில்லை. மற்றவர்கள் கைகட்டி நின்றார்கள்.

“கரை உடைந்தால் வயல்காரர் அத்தனை பேரும் முழுகிப்போவார்களே!” என்று ராஜா கதறினான்.

மலைக்காரர் தலைவி கொற்றி முன்னே வந்தாள். ராஜாவின் மொழியை அவள் கற்றிருந்தாள். அவள் மொழியில் ராஜாவுக்கு ஒரு சொல்கூடத் தெரியாது.

“எங்களுக்கும் நெஞ்சு பதறுது ராசா. ஆனா சாவி மூணும் உங்களோடதுன்னா, கரை மட்டும் எப்படி எங்களோடதாகும்?”

சாவியைக் கொடுத்தால் நாளை வயல் காயுமோ? கொடுக்காவிட்டால் இன்றே முழுகுமே! கரையில் இன்னொரு பாளம் மண் சரிந்தது. ராஜா சாவிகளை உருவித் தலைவர்கள் மூவருக்கும் கொடுத்தான். தனக்கென்று ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை.

கொற்றி சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு சேற்றில் குதித்தாள். பின்னாலேயே மூன்று மொழிக் கூச்சல், கூடை கூடையாக மண். பொழுது சாய்வதற்குள் உடைப்பு அடைபட்டது.

அடுத்த மதகுக் கூட்டத்தில் பழையபடி கத்தல், பழையபடி கோபம், பழையபடி ஒருவர் எழுந்து போனார். ராஜாவுக்குக் கால் துறுதுறுத்தது. அவர் பின்னாலேயே ஓடி, கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்காரவைத்தான்.

அதிகாரத்தில் பங்கு கொடுக்காதவனுக்கு ஆபத்தில் பங்குகொள்ள ஆள் வராது என்பதை அறிந்துகொள்ளுங்கள்.