பொன்னுலிங்கம் வீட்டு டைல்ஸ்

வாடகைக்கு விடுவதற்காக வீடு வாங்க வந்த ஜெசிந்தா, அட்வான்ஸ் கொடுக்கப் பையைத் திறந்தாள். தண்ணீர் லாரி ஓட்டும் மாசாணம் குறுக்கே வந்தான்.

"அக்கா, நேத்து லோடு இறக்கையில இந்த முற்றத்துல கொட்டுன தண்ணி தெருவுக்கு ஓடலை. டைல்ஸ் இடுக்குல இறங்கிட்டு. அடியில மண்ணு கெட்டியா இல்லை."

வீட்டை விற்கும் பொன்னுலிங்கம் சீறினார். "லாரி ஓட்டுறவனுக்குப் பூமிக்குள்ள கண்ணு தெரியுதோ? ஒரு டைல்ஸ்கூடப் பெயர்க்காம நிரூபி, பார்ப்போம்."

"சரிங்க ஐயா." தண்ணீர் நிரம்பிய லாரியில் மாசாணம் ஏறி உட்கார்ந்தான். "முற்றத்துக்குள்ள ரிவர்ஸ் எடுக்கேன். நீங்க அந்த டைல்ஸ் மேல நின்னு 'வரலாம், வரலாம்'னு சொல்லுங்க."

லாரி உறுமியது. பொன்னுலிங்கம் ஒரே தாவலில் தெருவுக்கு வந்துவிட்டார்.

"ஏய், வராதல. பழைய கிணத்தைக் குப்பை போட்டு மூடுன இடம் அது."

ஜெசிந்தா பையை மூடினாள். கெட்டிக்காரன் மாசாணம் எஞ்சினை அணைத்தான். அவன் இன்னும் கியரே போட்டிருக்கவில்லை.