மாமனார் அனுப்பிய ஜோடு

ரொம்ப காலத்துக்கு முன்னால் பாக்கனூரை உக்கிரவர்மன் என்று ஒரு ராஜா ஆண்டான். பெயரில்தான் உக்கிரம். ராணி இருமினால்கூட எழுந்து நிற்கிற ஆள்.

ஒரு நாள் ராணியின் அப்பா, மாப்பிள்ளைக்கென்று தோல் ஜோடு தைத்து அனுப்பினார். வளைந்த முனை, பொன் சரிகை, பார்க்கப் பிரமாதம். ராஜாவின் காலுக்குச் சின்னது, அவ்வளவுதான் குறை. கல்யாணத்தன்று பார்த்த காலை நினைத்துத் தைத்திருப்பார் போல. அதற்குப் பிறகு ராஜா தின்ற நெய்ச்சோற்றில் பாதி காலுக்குப் போயிருந்தது.

"அளவு சரிதானே?" என்று சபை நடுவில் ராணி கேட்டாள்.

"கச்சிதம்!" என்றான் ராஜா. கண்ணில் தண்ணீர்.

"ஆனந்தக் கண்ணீர்!" என்று விளக்கம் சொன்னார் பராங்குசர். சபையை மேற்பார்வை பார்க்கிறவர். ராஜா தும்மினால் அதில் ராகம் கண்டுபிடிப்பார். அமைச்சர் நாற்காலி மேல் அவருக்கு ரொம்ப நாளாக ஒரு கண்.

"தேர்த் திருவிழாவுக்கு அப்பா வருகிறார். அதுவரை இதுதான் உங்கள் காலில் இருக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டு ராணி போய்விட்டாள்.

நீங்களும் நானும் என்றால் "செருப்பு கடிக்குது" என்று கழற்றி வீசியிருப்போம். அரண்மனையில் அப்படியெல்லாம் சுலபமாக எதுவும் நடக்காது. ராஜா பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு காலைத் தூக்கி, இன்னொரு காலை இழுத்து நடந்தான்.

"ஆஹா, என்ன நடை! இதுவல்லவா அரச நடை!" என்று பராங்குசர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அந்த ஜோட்டைப் போடக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் மன்னா! பூ மேல் நடப்பது போல இருக்காதா?"

"இருக்கிறது, இருக்கிறது" என்று முனகினான் ராஜா.

மறுநாள் சபை முழுக்க நொண்டியது. பராங்குசருக்கு அது போதவில்லை. ஒரு சட்டமே எழுதிக் கொண்டுவந்தார். மன்னர் நடப்பது போல நடக்காதவர் யாராக இருந்தாலும் மொட்டையடித்து, கழுதை மேல் ஏற்றி, எல்லைக்கு வெளியே விடப்படுவார். சுண்டுவிரல் நினைப்பிலேயே இருந்த ராஜா படிக்காமல் முத்திரை குத்தினான். அன்றைக்கே காவலர்கள் நொண்டி நொண்டி ஒரு திருடனைத் துரத்தினார்கள். திருடன் சட்டத்தை மதிக்காமல் நேராக ஓடிவிட்டான்.

அமைச்சர் மருதவாணரும் நேராகத்தான் நடந்து வந்தார். பராங்குசர் காத்திருந்ததே இதற்குத்தான். வாசலில் கழுதையைக்கூடக் கட்டி வைத்துவிட்டார்.

"மன்னா, ராஜத்துரோகம்! இவர் நடையைப் பாருங்கள்!"

ராஜாவுக்குச் சங்கடம். நல்ல அமைச்சர். ஆனால் சட்டத்தை நீக்க வேண்டுமென்றால் ஜோடு கடிக்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். மேலே உப்பரிகையில் ராணி உட்கார்ந்திருக்கிறாள்.

"ஏன் மருதவாணரே இப்படி நடக்கிறீர்?"

"அரச நடை எனக்கு வரவில்லை மன்னா. குரு இல்லாமல் எப்படி வரும்? பராங்குசரையே கற்றுத்தரச் சொல்லுங்கள். மாலைக்குள் வரவில்லை என்றால் கழுதை இருக்கவே இருக்கிறது."

பராங்குசர் நெஞ்சை நிமிர்த்தினார். "தாராளமாக!"

"ஆனால் நடை ஜோட்டில் அல்லவா இருக்கிறது? மன்னரின் ஜோட்டை இவர் போட்டு நடந்தால்தானே எனக்குச் சரியாகப் பிடிபடும்?"

பராங்குசர் தன் காலைப் பார்த்தார். ராஜாவின் காலைவிடப் பெரிய கால், ஒவ்வொன்றும் ஒரு பலாக்காய் போல. "ஐயோ, அபசாரம்! மன்னரின் ஜோட்டை நானா?"

"கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றீரே? கடிக்கும் என்று பயமா?"

"கடிப்பதா? மாமன்னரின் மாமனார் கொடுத்தது கடிக்குமா?"

"அப்படியானால் போடும்!" என்றான் ராஜா. பேச்சு முடிவதற்குள் இரண்டையும் உதறியிருந்தான்.

மரியாதைக்கென்று சொல்லி மருதவாணர் ஜோட்டுக்குள் கிண்ணம் நிறைய விளக்கெண்ணெய் ஊற்றினார். நான்கு காவலர்கள் சேர்ந்து பராங்குசரின் காலை உள்ளே திணித்தார்கள். கோட்டையைச் சுற்றிப் பாடம் தொடங்கியது.

"அம்மா!" என்றார் பராங்குசர்.

"இதுவும் அரச நடையில் சேர்த்தியா?" என்று பின்னாலிருந்து கேட்டார் மருதவாணர்.

"ஆ... ஆமாம்."

"அம்மா!" என்றார் மருதவாணர். வேடிக்கை பார்க்க வந்த கூட்டமும் பயபக்தியோடு "அம்மா!" என்றது.

கோட்டையைச் சுற்றிச் சுற்றி மாலையும் ஆனது. தோல் இளகி விரிந்திருந்தது. துடைத்துக் கொண்டுவந்த ஜோட்டில் ராஜா பயந்து பயந்து காலை விட்டான். வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. ஓரடி வைத்தான். இன்னோரடி. அப்புறம் சபையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நேராக, சிரித்துக்கொண்டே நடந்தான்.

அவனுக்குப் பின்னால் மருதவாணரும் நேராக நடந்தார். "பாடம் வந்துவிட்டது மன்னா. தங்களைப் போலவே நடக்கிறேனா?"

"அச்சு அசல்!"

"அப்படியானால் சட்டப்படி..." என்று மருதவாணர் திரும்பினார்.

தூணைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைத் தூக்கி, இன்னொரு காலை இழுத்து, சபையிலேயே ஒரே ஒருவர் நொண்டிக்கொண்டிருந்தார்.

"அநியாயம் மன்னா! காலெல்லாம் கொப்புளம்! ஜோடு கடித்து..."

"என்ன, கடித்ததா?" உப்பரிகையிலிருந்து ராணியின் குரல். "என் அப்பா கொடுத்த ஜோடா?"

பராங்குசர் தூணுக்குப் பின்னால் நகர்ந்தார்.

"மொட்டை வேண்டாம் மன்னா, கழுதை போதும்" என்றார் மருதவாணர். "பாவம், நடக்க முடியாதவர். நல்லவேளை, ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்."

கழுதை கிளம்பியது. ராஜா சட்டத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு அமைச்சரைக் கட்டிக்கொண்டான். "என்ன பரிசு வேண்டும்? மாமனாரிடம் சொல்லி உமக்கும் ஒரு ஜோடு..."

மருதவாணர் பின்னால் நகர்ந்தார். "வேண்டாம் மன்னா. எனக்கும் என் காலுக்கும் இதுவரை ஒரு சண்டையும் இல்லை."

ராஜா வாய்விட்டுச் சிரித்து, தன் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டான். மாலை என்றால் அளவுப் பிரச்சினை இல்லை.

அன்றிலிருந்து பாக்கனூரில் எல்லோரும் அவரவர் நடையில் நடந்தார்கள். அதில் வருத்தப்பட்டவன் அந்தத் திருடன் மட்டும்தான்.