இரண்டு பேருக்குக் கொடுத்த முதல் பாட்டு

அசதியில் கொடுத்த வாக்கும் வாக்குதானா? பதில் இப்போதே தெரியும் என்பவர்கள் தாராளமாக எழுந்து போகலாம். மற்றவர்கள் பொன்மலை ரயில்வே காலனியில் டோரீனுக்கு வந்த வினையைக் கேளுங்கள்.

டோரீன் ஆங்கிலோ இந்தியப் பெண். கணவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆயிற்று. ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்த்தே ஒரே மகள் ஷார்மேனை ஆளாக்கினாள். டோரீனுக்கு ஓர் அண்ணன் கிளாரன்ஸ், ஒரு தம்பி மெர்வின். இருவருக்கும் சொத்துத் தகராறு கிடையாது, பாட்டுத் தகராறு. அண்ணனுக்குக் கன்ட்ரி பிடிக்கும். அமெரிக்க மாட்டுப் பண்ணைக்காரர்கள் கிட்டாரை மெல்ல மீட்டி, விட்டுப்போன காதலியையும் செத்துப்போன குதிரையையும் நினைத்து உருகுகிற பாட்டு அது. தம்பிக்கு ராக். டிரம்மும் மின்சாரக் கிட்டாரும் சேர்ந்து கூரையைப் பிய்க்கிற பாட்டு. காலனியும் இவர்களுக்குப் பின்னால் இரண்டாகப் பிரிந்து நின்றது. ராக் கட்சி மற்றவர்களை மாட்டுக்காரர்கள் என்றது. கன்ட்ரி கட்சி இவர்களைத் தகர டப்பா என்றது. ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில் அண்ணன் பாடிக்கொண்டிருக்கும்போதே தம்பி மைக் ஒயரைப் பிடுங்கிவிட்டான். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது.

அதிலிருந்து டோரீன் பாடு திண்டாட்டம். கேக் செய்தால் இரண்டு வீட்டுக்கும் ஒரே அளவில் வெட்டவேண்டும். இங்கே கொஞ்சம் கூடுதலாக உட்கார்ந்தால் அங்கே முகம் தொங்கிப்போகும். அலுத்துப்போனாள், பாவம்.

இந்த நிலையில் ஷார்மேனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை மணப்பாறைத் தமிழ்ப் பையன் ஜெயசீலன். வரவேற்பில் மணப்பெண் தன் தகப்பனோடு ஆடுகிற ஆட்டம் ஒன்று உண்டு. டோரீன் குடும்பத்தில் அதைத்தான் முதல் பாட்டுக்கு வைப்பார்கள். ஷார்மேனுக்குத் தகப்பன் இல்லை. மாமன்மாரில் யாராவது ஒருவர் அவள் கையைப் பிடித்து ஆடவேண்டும், மற்றவர் பக்கத்தில் நிற்கவேண்டும். டோரீனுக்கு வேறு ஆசையே இல்லை.

காலையில் கிளாரன்ஸ் வந்தார். முதல் பாட்டு கன்ட்ரியாக இருந்தால் நானே பெண்ணோடு ஆடுவேன், தம்பியின் இரைச்சல் முதலில் வந்தால் நடையைக் கட்டுவேன் என்றார். டோரீன் சரி என்றாள். சாயங்காலம் டியூட்டி முடிந்து செருப்பைக் கூடக் கழற்றவில்லை, மெர்வின் வந்தான். முதல் பாட்டு ராக்தான், இல்லையென்றால் நான் அங்கே இருக்கமாட்டேன் என்றான். அவனுக்கும் சரி என்றாள். ஏமாற்றும் எண்ணமெல்லாம் இல்லை. முடியாது என்று சொன்னால் அதற்குப் பிறகு மணிக்கணக்கில் பேசவேண்டும், அதற்குத் தெம்பில்லை.

பாட்டு ஏற்பாடு மாப்பிள்ளை வீட்டுப் பொறுப்பு. சம்பந்தி சூசைமாணிக்கம் ஃபோன் செய்து என்ன பாட்டு வேண்டும் என்று கேட்டார். கன்ட்ரியும் வேண்டும், ராக்கும் வேண்டும் என்றாள் டோரீன்.

“கன்ட்ரின்னா என்ன சம்பந்தியம்மா?”

“நம்ம நாட்டுப்புறம் மாதிரிங்க.”

“ராக்குன்னா?”

அடுப்பில் குக்கர் விசிலடித்தது. அதற்கு மேல் விளக்க அவளுக்குப் பொறுமையில்லை. “பாறைங்க, பாறை” என்றாள். விசில் சத்தத்தில் அவர் காதில் விழுந்தது பறை.

“இதுக்கு எதுக்கும்மா ரெண்டு குழு? ரெண்டையும் ஒரே குழு ஜமாய்ச்சிருவாங்க. நான் பாத்துக்கிறேன், நீங்க போய்ப் படுங்க.”

போய்ப் படு என்று அவளிடம் யாரும் சொல்லி எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. டோரீன் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தூங்கிப்போனாள்.

வரவேற்பன்று கிளாரன்ஸ் தன் ஆட்களோடு மண்டபத்தின் ஒரு கோடியிலும், மெர்வின் தன் ஆட்களோடு மறு கோடியிலும் உட்கார்ந்தார்கள். ஷார்மேன் வெள்ளை கவுனில் நடுவே வந்து நின்றாள். கதவு திறந்தது. காலில் சலங்கை கட்டிய ஆண்களும் பெண்களும் பறையோடு உள்ளே வந்து ஓர் அடி அடித்தார்கள் பாருங்கள், ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. மாப்பிள்ளை வீட்டார் அப்போதே எழுந்து ஆடத் தொடங்கிவிட்டார்கள்.

இது கன்ட்ரி இல்லை என்று கிளாரன்ஸ் எழுந்தார். இது ராக்கும் இல்லை என்று மெர்வின் எழுந்தான். இத்தனை வருஷத்தில் இருவரும் ஒத்துப்போனது இந்த ஒரு விஷயத்தில்தான். பறை நின்றது. நாட்டுப்புறம், பறை என்றுதானே சம்பந்தியம்மா சொன்னார்கள் என்று சூசைமாணிக்கம் விழித்தார். டோரீன் எழுந்து, இருவருக்கும் வாக்குக் கொடுத்தது உண்மைதான், தப்பு என்னுடையது என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள்.

கிளாரன்ஸ் கொஞ்சம் யோசித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். “அவன் பாட்டும் வரலை இல்ல? எனக்கு அது போதும்” என்று கால்மேல் கால் போட்டுக்கொண்டார். பெண்ணோடு ஆட எழுந்திருக்கவில்லை.

மெர்வின் அக்காவிடம் வந்தான். “உன் சொல்லை நீ காப்பாத்தலை. என் சொல்லை நான் காப்பாத்தறேன்” என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தான்.

போய்க் கூட்டிவா, கையைப் பிடித்துக் கெஞ்சு என்று சுற்றியிருந்தவர்கள் டோரீனைத் தள்ளினார்கள். எப்போதும் அவள்தான் போவாள். வாசலைப் பார்த்தாள். பிறகு, நடுவில் தனியாக நின்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்த மகளைப் பார்த்தாள். குதிகால் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

“நீங்க அடிங்க” என்றாள் பறைக்காரர்களிடம். மகளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஆடினாள். தாளம் பிடிபடவில்லை, காலும் தப்பித்தப்பி விழுந்தது. தம்பியைக் கூப்பிட அவள் போகவே இல்லை.

தோற்கவில்லை என்ற திருப்தியில் உட்கார்ந்த கிளாரன்ஸ், சொன்னபடி எழுந்து போன மெர்வின், அவனைக் கூப்பிடப் போகாத டோரீன். இந்த மூவரில் யார் செய்தது சரி? முடிவு கட்டிவிட்டு மேலே படியுங்கள்.

விடை: மெர்வின் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான், உண்மைதான். ஆனால் அவன் சொன்னது மிரட்டல். மிரட்டலைக் காப்பாற்றுவது நேர்மையில் சேராது. கிளாரன்ஸ் உட்கார்ந்தது தம்பி தோற்றதைப் பார்க்க, மருமகளுக்காக இல்லை. டோரீன் இருவருக்கும் வாக்குக் கொடுத்தது தப்பு. அசதியைச் சாக்குச் சொல்ல முடியாது. ஆனால் மெர்வினிடம் மன்னிப்புக் கேட்க நாளைக்கும் போகலாம். தகப்பனில்லாத பெண் ஆடுகிற முதல் பாட்டு அன்றைக்கு மட்டும்தான். ஆகவே டோரீன் செய்ததே சரி. இவ்வளவும் யோசித்துத்தான் செய்தாளா என்று பிறகு கேட்டார்கள். அதெல்லாம் இல்லை, கூப்பிடப் போகக் காலில் தெம்பில்லை, ஆடத் தெம்பு இருந்தது என்றாள்.