நடுத்தெருவுக்கு ஒரு துணை

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று என்னைக் கேட்காதீர்கள், ஒரு மன்னருக்குக் கணக்கு என்றாலே வேப்பங்காய். அவருடைய அவை விகடகவி நாகையனுக்கோ அது வெல்லக்கட்டி. "அரசே, கணக்கைப் போல் அழகு வேறில்லை" என்பான். மன்னர் காதைப் பொத்திக்கொள்வார். ஆனாலும் நாகையனை ஒரு நாள் காணாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

அந்த ஊரைச் சுற்றிச் சதுரமாக நான்கு தேரோடும் தெருக்கள். தேர் ஒருமுறை போன வழியில் அன்றைக்கு மறுபடி போகாது. அது ஊர் வழக்கம். அந்த வருஷம் மன்னர் கிழக்குத் தெருவின் நடுவிலிருந்து மேற்குத் தெருவின் நடுவுக்குப் புதிதாக ஒரு தெரு போட்டு, நடுத்தெரு என்று பெயரும் வைத்தார். உடனே ஆசை வந்துவிட்டது.

"இம்முறை தேர் நடுத்தெருவிலும் ஓட வேண்டும். ஒரு தெருவும் விடுபடக் கூடாது, வழக்கமும் கெடக் கூடாது. புறப்பட்ட நிலைக்கே தேர் திரும்ப வேண்டும்."

அமைச்சர் வெண்காடர் எழுந்தார். மன்னர் நாகையனைக் கொஞ்சுவது அவருக்கு ஆகாது. "அரசே, கணக்கின் புகழை ஓயாமல் பாடும் நாகையனே வழி சொல்லட்டும். திருநாளன்று தேர் அப்படி ஓடாவிட்டால், இந்த அவையில் அவனுக்கு இடமில்லை என்று ஆணையிடுங்கள்."

"ஆகட்டும்" என்று சொல்லிவிட்டார் மன்னர். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மறுநாள் நாகையன் வந்து, "வழி இல்லை, அரசே" என்றான்.

வெண்காடர் மீசையைத் தடவினார். மன்னரின் முகம் வாடிவிட்டது. "இழுத்துப் பார்க்காமலே எப்படிச் சொல்கிறாய்?"

"தாங்களே சொல்வீர்கள். நடுத்தெரு கிழக்குத் தெருவில் சேரும் முனையில் எத்தனை வழிகள்?"

"வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று, நடுத்தெரு ஒன்று. மூன்று."

"தேர் ஒன்றில் வந்து இன்னொன்றில் போய்விட்டது. மிச்சம்?"

"ஒன்று. அதில் தேர் வந்தால்..." மன்னர் நிறுத்தினார். "வந்தால், வெளியே போக வழியில்லை! முனையிலேயே நின்றுவிடும். வராவிட்டால் அந்தத் தெரு விடுபடும்!" சிம்மாசனத்திலிருந்து எழுந்தேவிட்டார். "எங்கே புறப்பட்டாலும், யார் இழுத்தாலும் இதே கதிதானா?"

"ஆம், அரசே. அந்த முனையிலேயே புறப்பட்டாலும், கடைசியில் அங்கே திரும்பி வர வழி மிஞ்சாது. ஒரு சக்கரமும் உருளவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே தங்களுக்குத் தெரிந்துவிட்டது. இதைத்தான் அழகு என்கிறேன்."

மன்னருக்கு ஆனந்தத்தில் கண் கலங்கியது. வெண்காடர் கனைத்தார். "ஆணை என்ன ஆவது?"

"தெருவை விடக் கூடாது என்பதுதானே ஆணை? புதிதாக ஒன்று போடக் கூடாது என்று இல்லையே. இரண்டு முனையிலும் மூன்று வழி நான்கு வழியானால், வந்த தேர் நிற்காமல் போய்விடும்" என்று சொல்லிவிட்டு, நாகையன் நேரே வெண்காடர் வீட்டுக்கே போனான். அவருடைய தோட்டம் நடுத்தெருவை ஒட்டியே நீண்டு, இரண்டு முனையிலும் கதவோடு இருந்தது; வீடு தோட்டத்தின் நடுவில். அமைச்சரின் மனைவி உலகம்மையிடம் விஷயத்தைச் சொன்னான்.

"இதுக்குப் போயி கேக்கணுமா தம்பி? வாக்கப்பட்டு வந்த நாளா, தேரு நம்ம வீட்டு வாசலுக்கு வராதான்னு ஏங்கிக் கெடக்கேன். வாழையை வெட்டிட்டுப் பாதை போட்டுக்கோ. அவரை நான் பாத்துக்கறேன்."

வீட்டில் அவளை எதிர்த்து அமைச்சர் பேசியதாக வரலாறே கிடையாது.

திருநாளன்று தேர் எட்டுப் போட்டது போல ஊரை வளைத்து வந்தது. நடுத்தெருவில் ஓடியது, பிறகு தோட்டத்துப் பாதையிலும் ஓடியது. எந்த முனையிலும் சிக்கவில்லை, போன வழியில் திரும்பவும் இல்லை. உலகம்மை கற்பூரத்தட்டோடு நின்றாள். பக்கத்தில் வெண்காடர்.

"மகாராசா, இவரும் இந்த வழிக்கு என்ன பாடு பட்டாரு தெரியுமா? நீங்க ஆணை போட்ட அன்னிக்கு ராத்திரி அரிசி மாவுல தெருவெல்லாம் வரைஞ்சு, விரல் தேயத் தேய இழுத்துப் பாத்தாரு. வழியே இல்லன்னதும் சந்தோசத்துல குதிகுதின்னு குதிச்சாரு. மறுநாளே அரமனைக்கு ஓடினாரு!"

மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார். வெண்காடருக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஆனால் தன் வாசலில் தேரைப் பார்த்ததும் அவருடைய கைகளும் தாமாகவே குவிந்துவிட்டன. "ஐயா, வடத்தில் இன்னும் இரண்டு பிடி இடம் இருக்கிறது" என்று நாகையன் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டான்.

மன்னர் தம் முத்துமாலையைக் கழற்றி நாகையன் கழுத்தில் போட்டார். "இனி இந்த அவையை விட்டு நீயே போக நினைத்தாலும் விடமாட்டேன்" என்று சொல்லி, தாமும் வடம் பிடித்தார். தேர் நிலைக்கு வந்து சேரும்வரை ஒவ்வொரு முனையிலும் வழிகளை விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார்.